எல்இடி ஹெட்லைட் பல்பு மாற்றப் போகிறீர்களா? கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ராத்திரியில் வெளிச்சம் பத்தவில்லை என்று ஹெட்லைட்டை மாற்ற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் போனது 5,300 ரூபாயும் ஒரு பக்க ஹெட்லைட்டும். பணம் போனால் போகட்டும். என் வண்டி வெளிச்சத்தில் கண் தெரியாமல் ஒரு மனிதர் ரோட்டை விட்டு இறங்கி விழுந்தார். அதை என்னால் மறக்க முடியவில்லை.

என்னுடையது 2011 மாடல் சின்ன கார். வீடு உடுமலை, வேலை பொள்ளாச்சி. திரும்பும்போது தினமும் எட்டு, ஒன்பது மணி ஆகிவிடும். அந்தப் பழைய ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும்: பின்னால் லைட்டே இல்லாமல் தேங்காய் மட்டை ஏற்றிய டிராக்டர் போகும், மொபெட்டில் புல்லுக்கட்டு போகும், மார்கழி தை வந்தால் ஓரமாகப் பழனிக்குப் பாதயாத்திரைக் கூட்டம் நடக்கும். போன வருஷம் ஒரு நாள் டிராக்டர் டிரெய்லரைப் பத்தடிக்குள் வந்த பிறகுதான் பார்த்தேன். பிரேக் பிடித்துத் தப்பித்தேன். அந்த வாரமே லைட்டை மாற்றிவிடுவது என்று கோவைக்குப் போனேன்.

பெரிய கார் அக்சசரீஸ் கடை. பெயர் சொல்லப் போவதில்லை; இதே வேலையைச் செய்யும் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. வாசலில் ஒரு கறுப்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு பக்கம் மஞ்சளாகப் பழைய பல்பு, இன்னொரு பக்கம் கண்ணைப் பறிக்கிற வெள்ளையில் எல்இடி. பார்த்தவுடன் யாருக்கும் ஆசை வரும்.

"உங்க வண்டில இருக்கறது வெறும் 55 வாட்டுங்கண்ணா. இது ஜோடி 200 வாட். பகல் மாதிரி இருக்கும்" என்றார் கடைப் பையன். எதிரே வருகிறவர்களுக்குக் கண் கூசாதா என்று நான் கேட்டேன். இதை நிச்சயமாகக் கேட்டேன். "பல்புலயே கட்டிங் இருக்குங்கண்ணா, ஒண்ணும் ஆகாது" என்றார். வெளிச்சம் மேலே போகாமல் வெட்டி நிறுத்துவதைத்தான் கட்டிங் என்கிறார்கள். ஜோடி 4,800, மாட்டிக் கொடுக்கக் கூலி 500.

மாட்டும்போது பக்கத்தில் நிற்காமல் டீ குடிக்கப் போனது என் தப்பு. வந்து பார்த்தால் முடிந்திருந்தது. பழைய பல்பு எங்கே என்றால், குப்பையில் போட்டாச்சு என்றார்கள். பில் கேட்டேன். விசிட்டிங் கார்டின் பின்னால் பேனாவில் "1 வருஷம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். நானும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் இரண்டு நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. வண்டிக்கு முன்னால் ரோடு வெள்ளைவெளேர் என்று தெரிந்தது. ஒரே ஒரு தொந்தரவு, லைட்டைப் போட்டால் கோடை எஃப்எம் வராது. வீட்டு வாசலிலேயே தெளிவாகக் கேட்கும் ஸ்டேஷன், 100.5. லைட் போட்டவுடன் கொர் என்று இரைச்சல் மட்டும்தான். எல்இடிக்குக் கரண்டைச் சீராகக் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் மட்டமாக இருந்தால் இப்படி ரேடியோவைக் கெடுக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. ரேடியோதான் ரிப்பேர் என்று நினைத்தேன்.

மூன்றாவது நாளிலிருந்து எதிரே வருகிற வண்டியெல்லாம் பிரைட் அடித்து அடித்துக் காட்ட ஆரம்பித்தது. நான் டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். எல்லோரும் ஏன் இப்படி அடிக்கிறார்கள் என்று எரிச்சல்கூட வந்தது.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. கோமங்கலம் தாண்டி எதிரே ஒரு மொபெட், இரண்டு பக்கமும் பால் கேன். அருகே வந்ததும் அவர் ஒரு கையை எடுத்துக் கண்ணை மறைத்தார். வண்டி ஆடியது. அப்படியே மண்ணில் இறங்கிச் சரிந்தது. நிறுத்திவிட்டு ஓடினேன். முழங்கால் சிராய்ப்பு, ஒரு கேன் பால் முழுக்கக் கொட்டிவிட்டது. பெரிய அடி இல்லை. அவரைத் தூக்கி உட்கார வைத்தபோது, "ஏனுங்க, டிம் அடிச்சா என்னங்க?" என்றார். டிம்மில்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவர் எழுந்து என் காருக்கு முன்னால் போய் நின்று பார்த்தார். ஒரு நொடிகூட நிற்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இதுதானுங்களா டிம்மு?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பாலுக்குப் பணம் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றவரை வற்புறுத்தித்தான் வாங்க வைத்தேன்.

அன்று ராத்திரியே வீட்டுக்குப் பின்னால் உள்ள காம்பவுண்டுச் சுவருக்கு நேராக, 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி டிம்மில் போட்டுப் பார்த்தேன். சரியான டிம் என்றால் சுவரில் ஒரு கோடு தெரிய வேண்டும். கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. ஹெட்லைட்டின் நடுமையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே அந்தக் கோடு விழ வேண்டும். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம் என்பதால் கோட்டின் இடது முனை மட்டும் கொஞ்சம் மேலே ஏறும். ரோட்டோரம் நடப்பவரைக் காட்டத்தான் அந்த ஏற்றம். என் சுவரில் கோடே இல்லை. வெளிச்சம் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு மாடி சன்ஷேடு வரை போயிருந்தது.

கடைக்குப் போனேன். முதலில் ஸ்க்ரூவைத் திருகி லைட்டைக் கீழே இறக்கிக் கொடுத்தார்கள். கண் கூசுவது குறைந்தது, கூடவே தூரமும் போய்விட்டது. வண்டிக்கு முன்னால் பதினைந்து மீட்டருக்கு மேல் ஒன்றுமே தெரியவில்லை. சரியில்லை என்றதும், "அப்போ புரொஜெக்டர் போட்டுக்குங்கண்ணா, 14,000 ஆகும்" என்றார்கள். முன்னால் லென்ஸ் வைத்த ஹெட்லைட் அது. மாதிரிக்குச் சுவரில் அடித்தும் காட்டினார்கள். கோடு அருமையாகத்தான் இருந்தது, ஆனால் வலது முனை மேலே ஏறியிருந்தது. வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாட்டுக்குச் செய்த சரக்கு. நம் ரோட்டில் மாட்டினால் எதிரே வருகிறவரின் கண்ணுக்கே நேராகப் போகும். முந்தின ராத்திரி சுவரில் பார்த்துத் தெரிந்துகொண்டதால்தான் அதிலிருந்து தப்பித்தேன். இல்லாவிட்டால் 14,000-மும் போயிருக்கும்.

ஐப்பசி மழை வந்தது. இடது ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் கோத்துக்கொண்டது, பல்பு விட்டுவிட்டு எரிந்தது. கடையில் காட்டினால், "தண்ணி போயிருந்தா வாரண்டி கிடையாதுங்க." திறந்து பார்த்தால், பல்பின் பின்னால் இருக்கிற ஃபேன் உள்ளே போகவில்லை என்று கம்பெனி ரப்பர் மூடியைக் கத்தியால் வெட்டியிருந்தது அவர்களேதான். அதைக் கையில் எடுத்துக் காட்டியும், வெளியே யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். பில் இருந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கலாம். என்னிடம் இருந்தது விசிட்டிங் கார்டு.

கடைசியில் உடுமலையிலேயே ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன். முப்பது வருஷமாக லாரி வேலை பார்ப்பவர். பல்பைக் கழற்றுவதற்கு முன்பே மீட்டரை எடுத்தார். இரண்டு எல்இடியும் சேர்ந்து இழுத்தது 4 ஆம்பியர்தான். 200 வாட் என்று விற்றதில் இருந்தது ஐம்பது சொச்சம். அப்புறம் ஹெட்லைட் கப்ளரை (பல்பில் வயரைச் செருகும் பிளக்) வெட்டி வெறும் டேப் சுற்றியிருந்ததைக் காட்டினார். கப்ளர் மாற்றி, ஒரு சாதாரண ஹாலோஜன் பல்பை (முன்பு வண்டியில் இருந்த மஞ்சள் வெளிச்ச வகை) போட்டு மறுபடி அளந்தார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட், பல்பு ஹோல்டரில் 11.6. "தம்பி, உங்க லைட் மங்கினதுக்குக் காரணம் பல்பு இல்லீங்க. கரண்டே பல்புக்குப் போய்ச் சேரல" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் விஷயமே. என் மாதிரிப் பழைய வண்டிகளில் ஹெட்லைட் கரண்ட் முழுக்க ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்சு வழியாகச் சுற்றித்தான் வருகிறது. இரண்டு பல்புக்கும் சேர்த்துப் பத்து ஆம்பியர். வருஷக்கணக்கில் சுவிட்சு கருகி, எர்த் துருப்பிடித்து வோல்ட் குறைந்துவிடும். ஹாலோஜனுக்கு வோல்ட் குறைந்தால் வெளிச்சம் அதைவிட வேகமாக விழும். ஒரு வோல்ட் போனாலே கால் பங்கு வெளிச்சம் போய்விடும். ரிலே என்கிற, கரண்டால் இயங்கும் சின்ன சுவிட்சை நடுவில் போட்டால், ஸ்டீயரிங் சுவிட்சு சிக்னல் மட்டும் கொடுக்கும். கரண்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராகப் பல்புக்குப் போகும்.

எல்இடி ஏன் கூசியது என்பதற்கு அவர் பழைய எச்4 பல்பு ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்ளே டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு இழை. டிம் இழைக்குக் கீழே நகம் அளவுக்கு ஒரு தகடுக் கிண்ணம் இருக்கிறது. அதனால் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் பட்டு, கீழ்நோக்கித் திரும்பி ரோட்டில் விழுகிறது. அந்த மெல்லிய இழை எந்த இடத்தில் இருக்கிறதோ, அந்த இடத்துக்காகவே ரிஃப்ளெக்டரை வளைத்திருக்கிறார்கள். எல்இடியில் அங்கே ஒரு தட்டையும் இரண்டு பக்கம் சிப்பும் இருக்கின்றன. வெளிச்சம் கிளம்பும் இடம் மாறினால் போய்ச் சேரும் இடமும் மாறும். பெரும்பகுதி காற்றிலும் எதிராளி கண்ணிலும் போகிறது. மீதி பம்பருக்கு முன்னால் பத்தடியில் கொட்டுகிறது. அந்தப் பத்தடிப் பளபளப்பில் நம் கண்மணி சுருங்கிவிடும், தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகிவிடும். நான் இரண்டு நாள் சந்தோஷப்பட்டது அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான்.

ஜெர்மனியில் ஹாலோஜன் ஹெட்லைட்டில் மாட்டும் எல்இடி பல்புக்கு 2020-இல்தான் முதல் அனுமதி கிடைத்தது. அதுவும் சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டும். நம் மத்திய மோட்டார் வாகன விதி 106-ம் தெளிவாகவே சொல்கிறது: 8 மீட்டர் தூரத்தில், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி வெளிச்சம் கீழே சாய்ந்திருக்க வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஒருவருக்கு மூன்று நொடி கண் தெரியாமல் போனால், அவர் 50 மீட்டர் குருடாகப் போகிறார்.

கடைசியில் நான் செய்தது இவ்வளவுதான். தண்ணீர் பட்டு ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சு உரிந்துபோனதால் இடது ஹெட்லைட்டை முழுசாக மாற்றினேன், 2,800. மஞ்சள் பூத்திருந்த வலது பக்கக் கண்ணாடிக்கு (கண்ணாடி என்கிறோமே தவிர பிளாஸ்டிக்தான், வெயிலில் பூத்துப்போகும்) பாலிஷ். நல்ல கம்பெனி ஹாலோஜன், அதே 60/55 வாட் (பிரைட் 60, டிம் 55), ஒரு ஜோடி. தடிமனான வயரில் ரிலே, தனி ஃபியூஸ், எர்த் சுத்தம். ஹெட்லைட் மாற்றியதை விட்டுவிட்டால் எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய். இப்போது ஹோல்டரில் 13.5 வோல்ட் வருகிறது. பகல் மாதிரி எல்லாம் இல்லை. ஆனால் சுவரில் கோடு விழுகிறது, நனைந்த தார் ரோட்டிலும் ஓரம் தெரிகிறது. ரேடியோவும் பாடுகிறது.

100 வாட் ஹாலோஜன் போடலாமா என்று எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கேட்டேன். அந்தச் சூட்டுக்கு ஹோல்டரும் பிளாஸ்டிக்கும் உருகிவிடும், போடாதீர்கள் என்றார்.

உங்கள் லைட் மங்கியிருந்தால் முதலில் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். டேஷ்போர்டில் ஹெட்லைட்டை ஏற்றி இறக்க 0 முதல் 3 வரை திருகும் லெவலர் இருந்தால் அது எதில் நிற்கிறது என்று பாருங்கள். முன்சீட்டில் மட்டும் ஆள் இருந்தால் 0-வில் நிற்க வேண்டும். அப்புறம் ஹோல்டரில் வோல்ட் அளக்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிஷ வேலை. இதற்குப் பிறகும் எல்இடிதான் வேண்டும் என்றால், மாட்டியவுடன் கடையிலேயே சுவரில் கோடு காட்டச் சொல்லுங்கள். வெட்டுகிற வேலை எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய பல்பையும் பில்லையும் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அதே ரோட்டில் வந்தேன். காவித்துணியோடு ஐம்பது அறுபது பேர் ஓரமாக நடந்துகொண்டிருந்தார்கள். சில பைகளின் பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, அது வெகு தூரத்திலேயே மின்னியது. ஸ்டிக்கர் இல்லாதவர்களின் கால்களும் தெரிந்தன. டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன்.