35-ஐத் தாண்ட எது உதவும்? பத்தாம் வகுப்புக் கணக்கு மீள்பார்வைக்கு நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 20, 25 என்று நிற்கும் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு வரை ஏறக்குறைய மூன்று மாதம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்துமஸ், பொங்கல், ஊர்க் கொடை (கோயில் திருவிழா), தேர்வை ஒட்டி வரும் மண்டைக்காடு மாசிக் கொடை என்று அதிலும் கொஞ்சம் கழியும். மிஞ்சுகிற நாளில் கணக்குக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தாலே பெரிது. அந்த ஒரு மணி நேரத்தை எதில் போடுவது என்பதற்கு வீடுகளில் நான்கு பதில்கள் கிடைக்கின்றன: புத்தகத்தை முதல் பாடத்திலிருந்து பார்ப்பது, கைடு அல்லது மினிமம் மெட்டீரியலை (தேர்ச்சிக்கு வேண்டிய கேள்விகளை மட்டும் தொகுத்ததை) பிடிப்பது, கேள்வித்தாளின் பகுதிப்படி படிப்பது, டியூஷனில் விடுவது. 90-க்கு மேல் வாங்கும் பிள்ளைக்கு எந்த வழியும் ஒத்துவரும். தேர்ச்சிக் கோட்டில் நிற்கும் பிள்ளையை மனதில் வைத்தே இங்கே நான்கையும் எடைபோடுகிறோம்.

முதலில் தாளைப் பார்ப்போம். மொத்தம் 100 மதிப்பெண், மூன்று மணி நேரம், அதற்கு முன் வாசிக்கவும் விவரம் நிரப்பவும் 15 நிமிடம். பகுதி ஒன்றில் 14 ஒரு மதிப்பெண் கேள்விகள். பகுதி இரண்டில் 14-இல் 10 எழுத வேண்டும், தலா 2. அதில் 28-ஆம் கேள்வி கட்டாயம். பகுதி மூன்றிலும் 14-இல் 10, தலா 5. 42-ஆம் கேள்வி கட்டாயம். பகுதி நான்கில் செய்முறை வடிவியல் 8, வரைபடம் 8. இரண்டிலும் 'அல்லது' உண்டு. தேர்ச்சிக்கு 35. பகுதி நான்கின் 16 கிட்டத்தட்ட தேர்ச்சி மதிப்பெண்ணில் பாதி என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

பாட வரிசை

உறவுகளும் சார்புகளும் என்று தொடங்கி, எண்களும் தொடர்வரிசைகளும், இயற்கணிதம், வடிவியல், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், அளவியல் வழியாகப் புள்ளியியலும் நிகழ்தகவும் வரை எட்டுப் பாடம். நேர்மையான வழிதான், ஆனால் மூன்றாம் பாடத்தில் சிக்கிக்கொள்ளும். மூன்று மாறி சமன்பாடு, மீப்பெரு பொது வகுத்தி, விகிதமுறு கோவை, வர்க்கமூலம், இருபடிச் சமன்பாடு, வரைபடம், அணிகள் என்று அந்த ஒரு பாடமே ஒரு புத்தகம் மாதிரி. முதல் பாடம் எளிது என்பதால் வேகமாகப் போகும் பிள்ளை இங்கே வந்து மூன்று வாரம் நிற்கும். அதற்குள் மாசி பிறந்துவிடும். கடைசியில் இருக்கும் நிகழ்தகவும் திட்டவிலக்கமும் மதிப்பெண் தரக்கூடியவை என்றாலும் தொடாமலே போய்விடும். 60-க்கு மேல் குறி வைக்கும், ஓரளவு இயற்கணிதம் வரும் பிள்ளைக்கு இந்த வழி சரி. 25-இல் நிற்கும் பிள்ளைக்கு வேண்டாம்.

கைடும் மினிமம் மெட்டீரியலும்

கையடக்கமாக இருப்பதும் கேள்விகளைத் தேர்ந்தெடுத்துத் தருவதும் இவற்றின் பலம். சிக்கல் இரண்டு. முதலாவது, கைடில் இடம் மிச்சம் பிடிக்க நடுவரிகளை விழுங்கிவிடுவார்கள். இரண்டாம் வரியிலிருந்து ஐந்தாம் வரிக்குத் தாவுவதைப் பிள்ளை அப்படியே மனப்பாடம் செய்கிறது. தேர்வில் எண் மாறினால் இடையில் என்ன நடந்தது என்று தெரியாமல் நின்றுவிடும். 5 மதிப்பெண் கணக்குக்கு ஸ்டெப் மார்க், அதாவது வரிவரியாக மதிப்பெண், உண்டு. போடாத வரிக்கு மதிப்பெண் கிடையாது.

இரண்டாவது, ஒன் மார்க். புக் பேக் (பாட முடிவில் உள்ள) கேள்விகளின் விடையை 'ஆ, ஈ, அ, இ' என்று எழுத்தாகவே ஒப்பிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதச் சொல்லித்தான் தாளிலேயே அறிவுறுத்தல் இருக்கும். விருப்பங்களின் வரிசை மாறினால் எழுத்தை மட்டும் படித்தவர் விழுந்துவிடுவார். விடையை ஒரு வரிக் காரணத்தோடு படித்தால் அதே கேள்வி வேறு எண்ணோடு வந்தாலும் கை ஓடும். n(A) = 3, n(B) = 4 என்றால் A-யிலிருந்து B-க்கு உறவுகள் 2-இன் அடுக்கு 12, அதாவது 4096; காரணம் 3 × 4 = 12 என்பதுதான். இப்படி 14-இல் 9 பிடிக்கலாம். ஆனால் முழு 14 வந்தாலும் இன்னும் 21 வேண்டும், ஆகவே ஒன் மார்க்கை மட்டும் நம்பி யாரும் தேற முடியாது. கைடைப் போட்டு முடித்த கணக்கைச் சரிபார்க்கும் கருவியாக வைத்துக்கொள்வதே நல்லது.

கேள்வித்தாள் வரிசை

எங்கள் பரிந்துரை இதுதான், காரணத்தோடு சொல்கிறோம். பகுதி நான்கில் கேட்கக்கூடிய வகைகள் எண்ணிச் சொல்லுமளவுக்குக் குறைவு. வடிவியலில் மூன்று: வடிவொத்த முக்கோணம், அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் தந்து முக்கோணம் வரைவது, வட்டத்துக்குத் தொடுகோடு. வரைபடத்தில் இரண்டு: மாறுபாடு, இருபடி. முதல் மூன்று வாரத்தை முழுவதும் இதற்கே கொடுக்கலாம்.

வடிவொத்த முக்கோணத்தில் பிழை ஒரே இடத்தில்தான் நடக்கும். அளவு காரணி 3/5 என்றால் கதிரில் 5 புள்ளி. 5-ஆவது புள்ளியை அடிப்பக்கத்தின் மறுமுனையோடு சேர்த்து, 3-ஆவதிலிருந்து இணைகோடு. 7/4 என்றாலோ 7 புள்ளி. ஆனால் சேர்க்க வேண்டியது 4-ஆவதை, இணைகோடு 7-ஆவதிலிருந்து, அடிப்பக்கத்தையும் நீட்ட வேண்டும். "பெரிய எண் எவ்வளவோ அவ்வளவு புள்ளி, கீழே உள்ள எண்ணைச் சேர், மேலே உள்ள எண்ணிலிருந்து இணைகோடு" என்பது இரண்டுக்கும் பொருந்தும். பெரும்பாலானவர்கள் 7/4-இலும் கடைசிப் புள்ளியையே சேர்த்துவிடுகிறார்கள். அப்போது வருவது 4/7 முக்கோணம். கேட்டது பெரிதாக்க, வந்தது சிறிதாக. காரணி 1-ஐவிடப் பெரிதா சிறிதா என்று முதலில் எழுதி, முடிந்ததும் படத்தைப் பார்த்தாலே இது பிடிபடும்.

உச்சிக்கோணக் கணக்கில், உதாரணமாக PQ = 8 செ.மீ., ∠R = 60°, R-இலிருந்து நடுக்கோடு 5.8 செ.மீ. என்றால், PQ வரைந்து, P-யில் கோட்டுக்குக் கீழே 60° வைத்து PE, PE-க்குச் செங்குத்தாக P-யில் PF, PQ-இன் மையக்குத்துக்கோடு PF-ஐ வெட்டுமிடம் O, PQ-ஐ வெட்டுமிடம் G, O மையம், OP ஆரமாக வட்டம், G-யிலிருந்து 5.8 செ.மீ. வில் வட்டத்தை வெட்டுமிடம் R. கோணத்தை மேலே வைத்துவிட்டால் வட்ட மையம் PQ-க்குக் கீழே போய், மேலே உச்சிக்கோணம் 120° ஆகிவிடும். வட்டம் Q வழியாகப் போகிறதா என்பதே சோதனை. போகவில்லையென்றால் மையக்குத்துக்கோடு சாய்ந்திருக்கிறது, அழித்துவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள். உதவிப்படம் போடாமல் விடுவது மதிப்பெண்ணைக் கீழே போடுவதுதான்.

தொடுகோட்டில் சரிபார்ப்பு இலவசமாகக் கிடைக்கிறது. ஆரம் 3 செ.மீ., மையத்திலிருந்து புள்ளி 5 செ.மீ. என்றால் தொடுகோட்டின் நீளம் √(25 − 9) = 4. அளந்தால் 4 வர வேண்டும். 2 மி.மீ. வித்தியாசம் கவராயத்தின் திருகு தளர்ந்ததால் வரலாம், அரை செ.மீ. என்றால் படமே தவறு.

வரைபடத்தில் 'அல்லது' வரும்போது மாறுபாட்டுக் கணக்கு இருந்தால் அதையே எடுங்கள். குறை எண் இல்லை. நேர் மாறுபாட்டில் y = kx, ஆதி வழியாக நேர்கோடு; எதிர் மாறுபாட்டில் xy = k, வளைவரை. அட்டவணை, மாறுபாட்டின் வகை, k-இன் மதிப்பு, படம், படத்திலிருந்து படித்த விடை என்று ஐந்தையும் எழுத வேண்டும். பாதிப் பேர் விடையைப் பெருக்கிக் கண்டுபிடித்துவிட்டுப் படத்தில் புள்ளிக்கோடு போட மறக்கிறார்கள்.

இருபடியில் எல்லாக் கேடும் குறை எண்ணில்தான். (−3)² என்பது 9. −9 என்று எழுதினால் வளைவரை இடப்பக்கம் தலைகீழாக விழும். பரவளையம் சமச்சீரானது, ஒரு புள்ளி மட்டும் துருத்திக்கொண்டிருந்தால் அந்த நிரலை மறுபடி போட வேண்டும். அடுத்து கழித்தல். y = x² + 2x − 5 வரைந்து x² + x − 6 = 0-ஐத் தீர்க்கச் சொன்னால், இரண்டாவதின் எல்லா உறுப்புக்கும் குறி மாற்றிக் கழித்தால் y = x + 1 கிடைக்கும். வெட்டும் புள்ளிகள் (2, 3), (−3, −2). தீர்வு 2, −3. கடைசி உறுப்புக்குக் குறி மாற்ற மறந்தால் y = x − 11 என்று வரும், அந்தக் கோடு வளைவரையைத் தொடவே தொடாது. பிள்ளை 'மெய்த் தீர்வு இல்லை' என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கும். பொதுவாக இந்த வகையில் கோடு வெட்டவில்லையென்றால் முதலில் கழித்தலைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த மூன்று வாரம் 5 மதிப்பெண்ணுக்கு. சார்பை வரிசைச் சோடிகள், அட்டவணை, அம்புக்குறிப் படம், வரைபடம் எனக் காட்டுவது; A × (B ∪ C) சரிபார்ப்பது; நாற்கரத்தின் பரப்பு (முதல் புள்ளியைக் கடைசியில் திரும்ப எழுத வேண்டும், எழுதாவிட்டால் ஒரு சோடிப் பெருக்கல் விடுபடும்); திட்டவிலக்கம்; இரண்டு பகடை நிகழ்தகவு (n(S) = 36 என்று தனி வரி எழுதுங்கள்); தேல்ஸ் தேற்றம். இந்த ஆறு வகை போதும். ஏற்றக்கோணத்தைச் சேர்க்கலாமா என்றால், படம் போட வரும் பிள்ளைக்கு மட்டும். குமரிமுனைத் திருவள்ளுவர் சிலை பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133. பீடத்தின் அடிமட்டத்திலேயே 133 அடி தள்ளி நின்றால் உச்சியின் ஏற்றக்கோணம் 45° என்பதைச் சட்டென்று சொல்ல முடிந்தால் சேர்க்கலாம். கோணத்தைச் சிலையின் தலையில் குறிக்கும் பிள்ளைக்கு அந்த நேரத்தைத் திட்டவிலக்கத்தில் போடுவது மேல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்: பகுதி நான்கில் 12, ஒன் மார்க்கில் 8, இரண்டு மதிப்பெண்ணில் நான்கு கணக்கு 8, ஐந்தில் இரண்டு முழுதாக 10. கூட்டினால் 38. இதில் எதுவும் அசாதாரணமானது இல்லை.

இந்த வழிக்கும் ஒரு குறை உண்டு. அடிப்படை ஓட்டையை இது தானாக அடைக்காது. ஆகவே தொடங்கும் நாளன்றே நான்கு கேள்வி கொடுங்கள்: −7 + 4, (−3)², 2/3 − 1/4, x² − x − 12-இன் காரணிகள். விடைகள் −3, 9, 5/12, (x − 4)(x + 3). இரண்டுக்கு மேல் தவறினால் பத்து நாள், நாளுக்கு 20 நிமிடம், எட்டாம் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு மட்டும். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை; இதைத் தள்ளிப்போட்டால்தான் மேலே சொன்ன y = x − 11 பிழை தேர்வறை வரை கூடவே வரும்.

டியூஷன்

ஆள் எண்ணிக்கையும் தூரமும்தான் கேள்வி. பிள்ளை போட்ட கணக்கில் எந்த வரி தவறு என்று அன்றே காட்டுகிற ஆசிரியர் இருந்தால் வேறெதுவும் ஈடில்லை. ஐம்பது பேரை உட்கார வைத்துப் பலகையில் போடுவதை எழுதியெடுக்கும் இடம் என்றால் பள்ளி வகுப்பையே இரண்டாம் தடவை கேட்பதுதான். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கத்து மலையோரப் பிள்ளை மார்த்தாண்டம் வரை பேருந்தில் போய் வர இரண்டு மணி நேரம் ஆகிறதென்றால், அந்த நேரத்தில் இரண்டு வரைபடமும் ஒரு செய்முறை வடிவியலும் வீட்டிலேயே போட்டுவிடலாம். பக்கத்து வீட்டில் பிளஸ் டூ படிக்கும் அக்காவோ அண்ணனோ வாரம் இருமுறை நோட்டைத் திருத்தித் தந்தால் பல வீடுகளுக்கு அதுவே போதும்.

விளவங்கோடு, களியக்காவிளைப் பக்கம் மலையாளம் புரியும் பிள்ளைகள் கேரளப் பாடத்திட்ட வீடியோக்களைப் பார்ப்பதுண்டு. கூட்டுத் தொடர்வரிசை, முக்கோணவியல் இரண்டுக்கும் பயன்படும், விளக்கம் நன்றாகவே இருக்கும். ஆனால் அங்கே தேர்வு 80 மதிப்பெண், கேள்வி அமைப்பும் வேறு. கருத்துப் புரிய அதைப் பாருங்கள், கேள்விக்கு நம் புத்தகத்துக்கே வாருங்கள்.

கடைசி மூன்று வாரம் எந்த வழியில் வந்தவர்க்கும் ஒன்றே: வாரம் இரண்டு முழுத் தாள், கடிகாரம் வைத்து. பகுதி நான்கை முதலில் எழுதுங்கள், இரண்டுக்கும் சேர்த்து 45 நிமிடம். கை நடுங்காத நேரம் அது. பிறகு ஒன் மார்க் 15 நிமிடம், மிச்சம் தெரிந்த கணக்குகளுக்கு. வரைபடத்தாளில் அளவுத்திட்டத்தை மூலையில் எழுதியதும் அந்தத் தாளை விடைத்தாளோடு சேர்த்துக் கட்டியதும் சரிதானா என்று மணி அடிக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.