முந்தி அடிப்பதா, பதுங்கி வளர்வதா?
கொழிஞ்சாம்பாறையில் ஞாயிறு மதியம் 'மேஜிக்: தி கேதரிங்' சீட்டாட்டத்தின் பலர் ஆடும் வகையான கமாண்டரை ஆட நாலு பேர் உட்கார்ந்தால் இந்த வாக்குவாதம் வராமல் இருக்காது.

சாதாரண இருவர் ஆட்டத்தில் உயிர்ப்புள்ளி 20, ஒருவரைச் சாய்த்தால் போதும். கமாண்டரில் ஆளுக்கு 40. எதிரே மூன்று பேர், மொத்தம் 120. வேகமாக அடிப்பவர் ஒருவரை வீழ்த்துவதற்குள் கையில் சீட்டு தீர்ந்துவிடும். மற்ற இருவரும் மானா (சீட்டு இறக்கச் செலவிடும் சக்தி) தரும் நிலச்சீட்டுகளைச் சேர்த்து நிமிர்ந்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து யாராவது 'ராத் ஆஃப் காட்' சீட்டை இறக்கினால், நாலே மானா செலவில் களத்திலுள்ள உயிரினச் சீட்டுகள் எல்லாம் அழியும். தாக்குபவருக்கும் ஒரு குறுக்குவழி உண்டு: கட்டின் தலைவனான கமாண்டர் சீட்டு ஒருவருக்கு மோதலில் மொத்தம் 21 சேதம் கொடுத்தால், எவ்வளவு உயிர் மிச்சமிருந்தாலும் எதிராளி அவுட். ஆனால் அந்தக் கமாண்டர் செத்தால், ஒவ்வொரு முறை திரும்ப அழைக்கவும் 2 மானா ஏறிக்கொண்டே போகும்.

பதுங்குபவர் களத்தில் 'ப்ரொபகாண்டா' சீட்டு இருந்தால், அவரைத் தாக்கவரும் ஒவ்வொரு உயிரினத்துக்கும் 2 மானா கட்ட வேண்டும். கட்ட மனமில்லாதவர் பக்கத்து ஆளிடம் திரும்புவார். அதோடு, "ஏட்டா, அந்த டிராகனைப் பாருங்க, அடுத்த சுற்று உங்களைத்தான் அடிக்கும்" என்று காதில் போட்டு வைத்தால் பாதி வேலை முடிந்தது. நாலு பேர் மேசையில் பேச்சும் ஓர் ஆயுதம்தான்.

என் ஓட்டு பதுங்குவதற்கே. காம்போ கட்டு (சில சீட்டுகள் சேர்ந்ததும் சட்டென ஆட்டத்தை முடிக்கும் சீட்டுக்கட்டு) வைத்திருப்பவர் மேசையில் இருந்தால் மட்டும் காத்திருக்கவே கூடாது; முதல் அடி அவருக்கு.