பாராட்டுவதற்குச் சொல் தரும் ஒரு கேள்வித்தாள்

உடன் பணிபுரிவோரை மனம் திறந்து பாராட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. ஆனால் வாயைத் திறந்தால் ‘நன்றாகச் செய்தீர்கள்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வராது. அந்தக் குறை தீருமா என்று பார்க்கத்தான் மனிதரின் நற்குணங்களை ஆராயும் விஐஏ (VIA) நிறுவனம் இணையத்தில் வழங்கும் குணநலன் கேள்வித்தாளை எங்கள் பிரிவில் ஏழு பேரும் நிரப்பினோம்.

கிறிஸ்டோபர் பீட்டர்சன், மார்ட்டின் செலிக்மன் என்னும் உளவியலாளர்கள் 2004-இல் வெளியிட்ட வகைப்பாட்டை ஒட்டி இது அமைந்திருக்கிறது. 6 அறங்களின் கீழ் 24 குணநலன்கள்; ஒவ்வொரு வாக்கியமும் நமக்கு எந்த அளவு பொருந்துகிறது என்று குறித்துக்கொண்டே போனால், கடைசியில் அந்த 24-உம் வரிசையாக வந்துவிடுகின்றன. இவ்வளவுக்கும் கட்டணம் இல்லை. விரிவான அறிக்கைக்குத்தான் பணம் கட்ட வேண்டும். அதை நாங்கள் வாங்கவில்லை.

என் வரிசையை ஒரு நாள் முழுவதும் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உண்மையான பயன் மறுநாள்தான் தெரிந்தது. எங்கள் பிரிவில் ஒருவர் எந்த அறிக்கையையும் அனுப்புவதற்கு முன் கூட்டுத்தொகைகளை விரலால் தொட்டுத் தொட்டு மறுபடி சரிபார்ப்பார். அவரை மந்தமானவர் என்றே நான் மனத்துக்குள் எழுதி வைத்திருந்தேன். பட்டியலில் ‘முன்யோசனை’ என்ற சொல்லைக் கண்டதும் அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. “சென்ற மாதம் நீங்கள் நிறுத்தி வைத்த அந்த ஒரு வரியால்தான் தவறான தொகை வெளியே போகாமல் தப்பித்தோம்” என்று அவரிடம் சொன்னேன். “தாமதம் என்று கோபித்துக்கொள்வீர்கள் என நினைத்தேன்” என்றார். அதைக் கேட்டபோது எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

வரிசையின் அடியில் இருப்பவற்றைப் பலவீனம் என்று கொள்ளக்கூடாது. இது தெரியாமல், நகைச்சுவை 24-ஆவது இடத்தில் வந்த நண்பர் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. எங்களைச் சிரிக்க வைப்பவரே அவர்தான். நம்மைப் பற்றி நாமே விடையளிக்கும் கேள்வித்தாளுக்கு இந்த எல்லை இருக்கத்தான் செய்யும்; ஆகவே பதவி உயர்வு போன்ற முடிவுகளுக்கு இதை அளவுகோலாக்குவதை நான் ஏற்க மாட்டேன்.

அந்த 24 சொற்களையும் ஒரு தாளில் எழுதி இழுப்பறையில் வைத்திருக்கிறேன். யாருக்கேனும் நன்றி மடல் எழுத உட்கார்ந்தால் முதலில் அதைத்தான் எடுக்கிறேன். மடல் முடிய முன்பைவிட நேரமாகிறது.