எல்க் வேட்டைக்கு அம்பு வாங்கப் போகிறீர்களா? ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வில் வேட்டைக்காரர்களுக்கு எல்க் (பெரிய வகை மான்) சீசன் செப்டம்பரில். அதற்காக டென்வர் பக்கம் ஒரு கடையில் ஒரு டஜன் அம்பும், அவற்றில் மாட்ட பிராட்ஹெட்டும் (கூரிய அலகுகள், அதாவது பிளேடுகள், கொண்ட வேட்டை முனை) வாங்கினேன். இரண்டிலும் ஏமாற்றிவிட்டார்கள். கடைப் பெயரைப் போடவில்லை. ஏமாற்றிய விதம் தெரிந்தால் எந்தக் கடையிலும் நீங்கள் பிடித்துவிடலாம்.

என் காம்பவுண்ட் வில்லின் (கப்பி வைத்த வில்) இழுவிசை 70 பவுண்டு, அம்பின் நீளம் 29 அங்குலம், முனை 125 கிரெய்ன் (அம்பு எடையைச் சொல்லும் சின்ன அளவு). இதற்கு 300 ஸ்பைன், அதாவது அந்த அளவு விறைப்புள்ள தண்டு, வேண்டும் என்று சொல்லித்தான் ஆர்டர் கொடுத்தேன். தண்டை 28 அங்குல இடைவெளியில் தாங்கி, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு தொய்கிறது என்பதுதான் ஸ்பைன். 0.300 அங்குலம் தொய்ந்தால் 300. எண் கூடக் கூட விறைப்பு குறையும்.

கைக்கு வந்த அம்புகளில், இறகு ஒட்டும் இடத்தில் பளபளவென்று வினைல் ராப், அதாவது ஸ்டிக்கர், சுற்றியிருந்தது. நான் கேட்கவே இல்லை, இலவசம் என்றார்கள். அலகில்லாத பயிற்சி முனையான ஃபீல்டு பாயிண்ட் போட்டு எய்தபோது ஓரளவு சேர்ந்தே விழுந்தன. பிராட்ஹெட் மாட்டியதும் 40 கஜத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போனது. காகிதத்தில் எய்து பார்த்தால் பக்கவாட்டுக் கிழிசல், அம்பு நேராகப் போகவில்லை என்று அர்த்தம். ரெஸ்ட்டை (வில்லில் அம்பைத் தாங்கும் பாகம்) எப்படி நகர்த்தியும் சரியாகவில்லை. கடைசியில் ஓர் அம்பின் ராப்பை உரித்தேன். தண்டில் அச்சாகியிருந்த எண் 400. மற்றவற்றையும் உரித்தேன், எல்லாமே 400. எண் அச்சாகும் இடத்தை மறைக்கத்தான் அந்த இலவசம். இவ்வளவு நெகிழும் தண்டை 70 பவுண்டு வில்லில் ஏற்றினால் குறி தவறுவதோடு போகாது, கார்பன் முறிந்து சிம்பு கையில் ஏறலாம்.

பிராட்ஹெட் கதை இன்னும் மோசம். பேர்போன பிராண்டின் அட்டை, லோகோ எல்லாம் அச்சு அசல். 125 கிரெய்ன் என்று போட்டிருந்தது. தராசில் ஒன்று 112, இன்னொன்று 119. அம்பில் மாட்டிச் சுழற்றினால் முனை தள்ளாடியது. இழுத்துப் பிடித்த ரப்பர் பேண்டில் லேசாக வைத்தாலே நல்ல அலகு அறுத்துவிட வேண்டும், இது வழுக்கியது. நுரை இலக்கில் ஒரே ஒரு முறை எய்ததில் அலகு வளைந்தும் போனது.

எனக்குக் கோபம் பணத்துக்காக மட்டும் இல்லை. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். கனத்த தோலையும் விலா எலும்பையும் கடந்து இரண்டு நுரையீரலும் அறுபட்டால்தான் அது சில நொடிகளில் விழும். மொண்ணை முனையோடு ஓடினால் எங்கோ ஒரு பள்ளத்தாக்கில் நாள்கணக்கில் துடித்துச் சாகும். கொலராடோ விதிப்படி முனையின் அகலம் குறைந்தது 7/8 அங்குலம், வெட்டும் எஃகு விளிம்பு குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இந்தப் போலி அந்த அளவில் தேறிவிடும். கூர்மையை யார் அளக்கிறார்கள்? பிராட்ஹெட் விற்பனையில் 11% அமெரிக்கக் கூட்டரசு வரியாக வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது, 1937-இன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தின் வழியாக. போலிச் சரக்கிலிருந்து அது போய்ச் சேரும் என்று நான் நம்பவில்லை.

திரும்பப் போய்க் கேட்டால், "லேசான அம்பு வேகமாகப் போகும், உங்களுக்கு நல்லதுதானே" என்றார் கடைக்காரர். வில் விளம்பரங்களில் வரும் வேகமே 350 கிரெய்ன் அம்பை எய்து எடுத்த கணக்கு. எல்க்குக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் 450-லிருந்து 550 கிரெய்ன் வரை வைத்துக்கொள்வது ஊடுருவல் வேண்டும் என்பதற்காக. அடுத்த பதில், உங்கள் நீளத்துக்கு வெட்டிய அம்பைத் திரும்ப எடுக்க மாட்டோம். உரித்த ராப்பையும் எண்ணையும் படமெடுத்துக் கார்டு நிறுவனத்திடம் முறையிட்டேன், அம்புப் பணம் வந்தது. பிராட்ஹெட்டுக்கு ரொக்கம் கொடுத்தால் தள்ளுபடி என்றிருந்தார்கள். அது போனது போனதுதான்.

தண்டை வெட்டுவதற்கு முன்பே எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். ராப் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வில் கடைகளில் கிரெய்ன் தராசு இருக்கும். ஒவ்வொரு முனையையும் உங்கள் கண்ணெதிரே எடை போடச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

அசல் நிறுவனத்துக்குப் படங்கள் அனுப்பியிருக்கிறேன். உங்களிடமும் இப்படி ஏதாவது சிக்கியிருந்தால் அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். அவர்கள் முதலில் கேட்டது அதிலுள்ள லாட் எண்ணைத்தான் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் எண்).