சப்வூஃபருக்கு கீழ ஸ்பைக்கா ரப்பரா? ரங்கூன் சிமெண்டு தரையிலயும் மோல்மேன் பலகை மாடியிலயும் வச்சுப் பார்த்தது

சப்வூஃபருக்கு, அதான் பாஸ் சத்தத்துக்குன்னே இருக்கற ஸ்பீக்கர் பெட்டிக்கு, அடியில ரப்பர் கால் போட்டா பாஸ் டைட்டா ஆகும்னு ஆளாளுக்கு சொல்றாங்க. பல வருஷமா ஓட்டிப் பார்த்ததுல நான் சொல்றது, முதல்ல உங்க தரை சிமெண்டா பலகையான்னு பாருங்க, பாதி பதில் அதுலயே இருக்கு. என்கிட்ட இருக்கறது 12 இன்ச் சீல்டு பாக்ஸ் (காத்து ஓட்டை இல்லாம மூடின பெட்டி), 20 கிலோ கிட்ட வரும், முன்பக்கமா அடிக்கிற டிரைவர் (ஸ்பீக்கர்). முதல்ல ரங்கூன் டவுன்ல சிமெண்டு ஃபிளாட்டுல ஓடுச்சு, அப்புறம் பர்மாவுலயே இன்னொரு ஊரான மோல்மேன்ல மாமா வீட்டு மாடிக்கு போச்சு, கீழ செங்கல் சுவரு, மேல முழுக்க தேக்குப் பலகை, அந்தக் காலத்து வீடு.

ரங்கூன் கதை சீக்கிரம் முடிஞ்சிடும். டைல்ஸ் மேல ஸ்பைக் (கூர்முனை உலோகக் கால்), அதுக்கு அடியில வட்டத் தகடு, அப்புறம் ஸ்பைக்கை கழட்டிட்டு ரப்பர், எதுலயும் காதுக்கு வித்தியாசமே தெரியல. தெரியாததுதான் நியாயம், ஸ்பீக்கர்ல முன்னும் பின்னும் ஆடற கோன் சில நூறு கிராம்தான், அது முன்னால போகும்போது 20 கிலோ பெட்டியை பின்னால தள்ளுது, பெட்டியே மயிரிழைதான் அசையும், அந்த அசைவு டன் கணக்குல இருக்கிற தளத்தை என்ன செஞ்சிடப் போகுது. ஆனா "டும்ம்"னு ஒரே சுருதியில இழுத்துக்கிட்டே இருக்குமே, அது எங்கிருந்து வந்துச்சுன்னா வீட்டோட அகலத்துல இருந்து. டவுன் ஃபிளாட்டு பலதும் 12.5 அடி அகலம்தான், மீட்டர்ல 3.8, சத்தத்தோட வேகம் நொடிக்கு 343 மீட்டர், அதை அகலத்தோட ரெட்டிப்பால வகுத்தா 45 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 45 அதிர்வு), அந்த ரெண்டு சுவருக்கு நடுவுல மாட்டிக்கிட்டு முழங்கற சுருதி அதுதான். டிவி ஒரு நீளச் சுவர்ல, சோஃபா எதிர்ச் சுவர்ல ஒட்டி, சப் மூலையில, இப்படி வச்சா அந்த 45 நேரா முதுகுல வந்து குத்தும். எந்தக் காலு போட்டாலும் அது போகாது. பெட்டியை பார்டிஷன் சுவருக்கு நடுவுல, சாமி படத்துக்கு கீழ வச்சேன், வீட்டுல முகம் சுளிச்சாங்க, ஆனா அகலத்துக்கு சரிபாதியில வச்சா அந்த 45-ஐ கிளப்பவே முடியாது, பூம் அன்னைக்கே அடங்கிடுச்சு.

கீழ்மாடி பர்மாக்கார அண்ட்டிக்கு மட்டும் எந்த ரப்பரும் உதவல. கரண்டு எப்ப வருதோ அப்பதான் நமக்கு படம், அது ராத்திரி பதினொண்ணா இருந்தா அவங்க தூங்குற நேரம். பாஸ் காத்து வழியா ஜன்னல், மாடிப்படின்னு இறங்கி போயிடுது. ரிசீவர்ல நைட் மோடு (பெரிய சத்தத்தை அமுக்கற செட்டிங்) போட்டு சப்பை குறைச்சதுலதான் அவங்க மறுபடி சிரிச்சு பேசினாங்க.

மோல்மேன்லதான் இந்தக் காலுக்கெல்லாம் உண்மையான வேலை. பெட்டியை அப்படியே பலகை மேல வச்சதும் மாடி முழுக்க தவில் மாதிரி ஆயிடுச்சு, கீழ அத்தையோட கண்ணாடி பீரோவுல பீங்கான் கப்பெல்லாம் கிலுகிலுன்னு ஆடுது. ஸ்பைக் போட்டா அதே ஆட்டம்தான், தேக்குல குழி விழறது மட்டும் கூடுதல். வாஷிங் மெஷினுக்கு போடற கட்டி ரப்பரும் வச்சுப் பார்த்தேன், ஒரு பிரயோஜனமும் இல்ல.

ஏன்னா ரப்பர் ஸ்பிரிங் மாதிரி அமுங்கணும். பெட்டி எடையில எத்தனை மில்லிமீட்டர் அமுங்குதோ அதோட வர்க்கமூலத்தால 15.8-ஐ வகுத்தா அந்த ஸ்பிரிங் மேல பெட்டி தானா ஆடற ஹெர்ட்ஸ் வரும், அதைப் போல 1.4 மடங்குக்கு மேல இருக்கற அதிர்வைத்தான் அது தடுக்கும். 1 மில்லி அமுங்கினா கிட்டத்தட்ட 16, அதாவது 22-க்கு மேல நல்லது. கால் மில்லிதான் அமுங்குதுன்னா 31-க்கு போயிடும், 44-க்கு மேலதான் தடுக்கும், 31 பக்கத்துல அதிர்வை இன்னும் ஏத்தி விடும். ரப்பர் ஆடும்போது இன்னும் விறைப்பாத்தான் நடந்துக்கும், அதனால கணக்கை விட நிஜம் கொஞ்சம் மோசமாவே இருக்கும். 60 கிலோவுக்குன்னு செஞ்ச காலை 20 கிலோ பெட்டிக்கு வாங்கி மாட்டினா அது அமுங்கவே அமுங்காது, எவ்வளவு விலையா இருந்தாலும்.

சைக்கிள் டியூப்ல பாதிக் காத்து அடிச்சு மேல ஒரு பிளைவுட், அதுக்கு மேல சப், காசுக்கு இதை அடிச்சுக்க ஒண்ணுமே இல்ல, பீரோ அன்னைக்கே வாயை மூடிடுச்சு. ஆனா சில வாரத்துக்கு ஒருக்கா காத்து இறங்கி பெட்டி ஒரு பக்கம் சாயும், அத்தை பார்த்துட்டு இது என்னடா கூத்துன்னு கேட்டாங்க. கடையில வாங்கின ஃபோம் பேட் மோல்மேன் மழைக்கு தாங்கல, ஈரம் இழுத்து ஒரு மூலை அமுங்கினது அப்படியே நின்னுபோச்சு, அடியில பூஞ்சை வேற.

இப்ப இருக்கறது எடைக்கு ஏத்த மாதிரி வாங்கின மெத்து ரப்பர் காலு நாலு. பீரோ சத்தமில்ல, பேச்சுக்குரல் தெளிவா இருக்கு. பாஸ் டைட்டான மாதிரி காதுக்கு தோணுதே, அதுல பெரும்பங்கு பலகையும் கண்ணாடியும் கூட சேர்ந்து பாடாம விட்டதுதான். ஒண்ணே ஒண்ணு, சண்டைக் காட்சியில பலகை வழியா உள்ளங்காலுக்கு ஏறுமே ஒரு உதறல், அது போயிடுச்சு. அந்த உதறல்தான் வேணும்னு இருக்கறவங்க பலகை வீட்டுல காலே போடாதீங்க, கீழ யாரும் குடியில்லைன்னா தாராளமா அனுபவிங்க. அப்புறம் ரப்பரை நேரா பாலிஷ் பலகை மேல வைக்காதீங்க, எண்ணெய் கசிஞ்ச மாதிரி கறுப்பு வட்டம் விழுது, தேய்ச்சாலும் போகல, நான் ஒவ்வொரு காலுக்கு கீழயும் ஒரு டைல்ஸ் துண்டு வெட்டிப் போட்டிருக்கேன்.