நாக் தரச்சான்று: கிரேடுக்குக் கீழே உள்ள பக்கங்கள்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்திலேயே பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துப் பெற்றோர் என்னைத் தேடி வரத் தொடங்கிவிடுவார்கள். தருமபுரி மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிப்பவன் நான். அவர்கள் கையில் இருக்கும் கல்லூரி நோட்டீசில் ‘நாக் ஏ கிரேடு’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். “இதை நம்பிச் சேர்க்கலாமா சார்?” என்று கேட்பவர்களுக்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் நாக் (NAAC) அமைப்பு வெளியிடும் அறிக்கைகளைச் சில ஆண்டுகளாகத் தேடிப் படித்து வருகிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழு 1994இல் ஏற்படுத்திய தன்னாட்சி அமைப்பு நாக். தலைமையகம் ஓசூரைத் தாண்டினால் வரும் பெங்களூரில்தான் இருக்கிறது. ஏழு அளவுகோல்களில் அளந்து, 4 புள்ளிக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு, 3.01 முதல் 3.25 வரை பெற்றால் ஏ, 3.51 முதல் ஏ++ என எழுத்து வழங்குகிறார்கள். இணைவுபெற்ற கல்லூரிகளுக்கான 1000 மதிப்பெண்ணில் கற்பித்தலுக்கும் கற்றலுக்கும் மட்டும் 350 ஒதுக்கியிருப்பது, கட்டடத்தைக் காட்டியே பெயர் வாங்கிவிட முடியாது என்பதற்கு உறுதியளிக்கும் நல்ல ஏற்பாடு.

ஆனால் உண்மையான பயன் அந்த எழுத்தில் இல்லை. நாக் இணையதளத்தில் கல்லூரியின் பெயரைத் தேடினால் அதன் தன்மதிப்பீட்டு அறிக்கையும், நேரில் பார்வையிட்ட வல்லுநர் குழுவின் அறிக்கையும் கிடைக்கும். வல்லுநர் குழு அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் கல்லூரியின் வலிமை, குறைபாடு, வாய்ப்பு, சவால் ஆகியவற்றை வரிசையாக எழுதியிருப்பார்கள். நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான். ஒரு கல்லூரியின் குறைபாட்டுப் பகுதியில் நூலகப் பயன்பாடு குறைவு என்ற ஒரே வரியைப் படித்துவிட்டு, சேர விரும்பிய மாணவியோடும் அவளுடைய தந்தையோடும் அங்கே நேரில் போனேன். அலமாரியிலிருந்து எடுத்த ஐந்தாறு வேதியியல் நூல்களில் தேதிச் சீட்டு ஒட்டியிருந்ததே தவிர, ஒன்றிலும் முத்திரை விழுந்திருக்கவில்லை. வாசலில் பெரிய பிளெக்சில் கிரேடு பளிச்சென்று இருந்தது. அந்தக் கிரேடு செல்லுபடியாகும் ஐந்தாண்டுக் காலம் முடிந்துபோயிருந்ததை இணையதளம் காட்டியது. அந்த மாணவி வேறு கல்லூரியில் சேர்ந்தாள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மதிப்பெண்ணின் பெரும்பகுதி கல்லூரி தானே தரும் தரவுகளிலிருந்து வருகிறது. அவற்றைச் சரிபார்க்கிறார்கள் என்றாலும், சரிபார்க்கப்படுவது பெரும்பாலும் காகிதம். குழு வரும் நாள் முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், அந்த நாளுக்காக வளாகம் தயாராகிவிடுகிறது. 2025 பிப்ரவரியில் ஆந்திரத்துக் கல்வி நிறுவனம் ஒன்றுக்குச் சென்ற ஆய்வுக் குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் லஞ்சப் புகாரில் சிபிஐ கைது செய்த செய்தி, இந்த அறிக்கைகளை மதித்துப் படிப்பவர்களுக்குப் பெரும் வேதனை. இன்னொன்று, நாக் கிரேடு கல்லூரி முழுமைக்கும் உரியது, தனித்தனித் துறைக்கு அல்ல. பொறியியல் படிப்பு ஒன்றின் தரத்தை அறிய, அந்தப் படிப்புக்கு என்பிஏ எனப்படும் தேசியத் தரச்சான்று வாரியத்தின் தரச்சான்று உண்டா என்று தனியே பார்க்க வேண்டும்.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது, இந்த அறிக்கைகள் ஆங்கிலத்திலேயே இருப்பதுதான். பாலக்கோட்டில் தக்காளி பயிரிட்டு, அந்த வருமானத்தில் மகளைப் படிக்கவைக்கும் ஒருவர், தன் பணம் போகும் இடத்தைப் பற்றி எழுதப்பட்டதைத் தானே படிக்க முடியாமல் என்னைப் போன்ற ஒருவரை நம்ப வேண்டியிருக்கிறது. வலிமை, குறைபாடு பக்கங்களை மட்டுமாவது தமிழில் தருவது பெரிய செலவு பிடிக்கும் வேலையல்ல.

எழுத்துத் தரத்தைக் கைவிட்டு, தரச்சான்று உண்டு அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும் முறைக்கு மாறப்போவதாக நாக் அறிவித்திருக்கிறது. பிளெக்ஸ் போட்டி அதனால் தணியலாம். குறைபாடுகளை வெளிப்படையாகச் சொல்லும் அந்தப் பக்கங்களை மட்டும் எந்த முறையிலும் எடுத்துவிடக் கூடாது. அவை இருக்கும்வரை, சேர்க்கைக் கட்டணம் கட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள் என்றே என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வேன்.