ஆறு வருடம், இருபத்து நான்கு பென்சில் செல்கள்

அப்பாவின் பிரஷர் மெஷினில்தான் இது ஆரம்பித்தது. கைப்பட்டை பாதி ஊதியதும் நின்றுவிடும், திரையில் பேட்டரி படம் மினுக்கும். முந்தைய இரவு முழுக்கச் சார்ஜரில் கிடந்த செல்கள் நான்கும் அதில் இருந்தன. மூன்றாவது தடவையும் நின்றபோது, "டேய், பிரஷர் எனக்கா, மெஷினுக்கா?" என்றார். அன்றைக்கே ஒரு ஸ்மார்ட் சார்ஜர் ஆர்டர் போட்டேன். 2019 கடைசியில் வந்தது, இன்னமும் ஓடுகிறது. இதே பொருள் நாலைந்து பெயர்களில் விற்கிறது என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

பழைய சார்ஜர் செல்களை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து ஏற்றும். இத்தனை மணி நேரம் என்று கணக்கு வைத்துப் பச்சை விளக்கைப் போட்டுவிடும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஒன்று காலி, ஒன்று பாதி என்று வைத்தால், பாதி இருந்தது நிறைந்த பிறகும் வாங்கிக்கொண்டே சூடேறும். மற்றது அரை வயிற்றோடு எழுந்து வரும். புதியதில் நான்கு குழிக்கும் தனித்தனிக் கணக்கு. வோல்ட், மின்னோட்டம், எத்தனை எம்ஏஎச் (செல் பிடிக்கும் மின்சாரத்தின் அளவு) ஏறியது அல்லது இறங்கியது, எவ்வளவு நேரம் ஆனது, எல்லாம் திரையில் தெரியும்.

வந்த வாரமே மேஜை டிராயரில் கிடந்த 12 பழைய செல்களையும் 'ரெஃப்ரெஷ்' முறையில் போட்டேன். முழுக்க ஏற்றி, 0.9 வோல்ட் வரை இறக்கி, மறுபடி ஏற்றுவதுதான் ரெஃப்ரெஷ். ஒரு சுற்றுக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். மேலே 2100 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்த ஒரு செல் முதல் சுற்றில் 640 காட்டியது. தூக்கிப் போடலாம் என்று நினைத்துவிட்டு, சரி, இன்னொரு தடவை பார்ப்போமே என்று விட்டேன். 1120. மூன்றாவது சுற்றில் 1480. நான்காவதில் 1510 வந்து அதோடு நின்றுவிட்டது. நெடுநாள் சும்மா கிடந்த செல்லுக்குள் இருக்கும் சரக்கு முழுவதும் ஒரே நாளில் வேலைக்கு வருவதில்லை. மெதுவாக இறக்கி ஏற்ற ஏற்ற வரும். நான்காவது சுற்றுக்கு மேல் எந்தச் செல்லும் எனக்குப் பெரிதாக ஏறியதில்லை.

பன்னிரண்டில் ஏழு நன்றாகத் தேறின. மூன்று 1000 பக்கம் நின்றன. இரண்டைக் குழியில் வைத்தால் சார்ஜர் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு வோல்ட்கூட இல்லாத செல்லைப் பார்த்தால் குழியில் எதுவும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறது. பழைய முட்டாள் சார்ஜர் இங்கேதான் உதவியது. அதில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு மாற்றினால் புதியது ஏற்றுக்கொண்டது. இரண்டுமே 1300 வரை வந்தன, எனக்கு ஒரே பெருமை. பத்து நாள் கழித்துப் பார்த்தால் இரண்டும் பழையபடி காலி. அதிலிருந்து தேறிய செல்லை உடனே நம்புவதில்லை. ஏற்றி ஒரு மாதம் அலமாரியில் போட்டு, அப்புறம் இறக்கிப் பார்ப்பேன்.

முதல் வருடம் நான் செய்த தப்பு, ஒவ்வொரு தடவையும் ரெஃப்ரெஷ் போட்டது. பாதி காலியானதுமே ஏற்றி ஏற்றிப் பழகினால் செல் அந்த அளவோடு சோர்ந்துவிடும் என்கிற 'மெமரி' பிரச்சினை பழைய நிக்கல் காட்மியம் செல்களில்தான் பெரிய தொல்லை. என்னிடம் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை, அதற்கு அடிக்கடி அப்படிச் செய்வது ஆயுளைத்தான் தின்னும். இப்போது ஐந்தாறு மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் சோர்ந்ததாகத் தெரிந்தால் மட்டும்.

இரண்டாவது தப்பு, மெதுவாக ஏற்றினால் நல்லது என்று நம்பி 200 மில்லிஆம்பியரிலேயே விட்டது. செல் நிறைந்ததும் அதன் வோல்ட் ஏறுவதை நிறுத்திச் சில மில்லிவோல்ட் இறங்கும். அந்தச் சின்ன இறக்கத்தைப் பார்த்துத்தான் சார்ஜர் நிறுத்துகிறது. ரொம்ப மெதுவாக ஏற்றினால் அந்த இறக்கம் தெரியாமலே போய்விடும், குறிப்பாகப் பழைய செல்களில். ஒரு காலையில் 2100 செல்லுக்குள் 3900 ஏறியிருப்பதாகத் திரை சொன்னது. செல் வெதுவெதுப்பாக இருந்தது. இப்போது பெரிய பென்சில் செல்லுக்கு 700 அல்லது 1000, சின்னதற்கு 400 பக்கம். மதுரை மே மாதத்தில் 1000 வைத்தால் தொட முடியாத சூடு வருகிறது, அதனால் கோடையில் இரவில்தான் ஏற்றுகிறேன்.

இந்தச் சார்ஜரில் எனக்குள்ள பெரிய குறை மின்வெட்டுதான். கரண்ட் போய் வந்தால் எல்லாம் மறந்து, ஆரம்ப நிலையில் மறுபடி ஏற்றத் தொடங்கிவிடும். பதினோரு மணி நேரம் ஓடிய கணக்கு இரண்டு நிமிட வெட்டில் போய்விட்டது என்றால் வரும் எரிச்சல் இருக்கிறதே! இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிய பிறகுதான் நிம்மதி.

2020-இல் எனெலூப் என்ற ரீசார்ஜ் செல்கள் 12 வாங்கினேன், எட்டு பெரியது, நான்கு சின்னது. 2005-இல் சான்யோ கொண்டுவந்த வகை, இப்போது பானசோனிக் கையில் இருக்கிறது. சும்மா வைத்தாலும் சார்ஜ் அவ்வளவு சீக்கிரம் வடியாது என்பதுதான் இதன் பெருமை. பெரிய செல்கள் வந்த புதிதில் 1950-க்கு மேல் காட்டின, போன மாதம் 1800 சொச்சம். கேமரா ஃபிளாஷுக்கு நான்கு, பிரஷர் மெஷினுக்கு நான்கு.

ஒவ்வொரு செல் மேலும் மார்க்கர் பேனாவால் எண் போட்டு, நோட்டில் அளவு எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் சிரிப்பார்கள். ஆனால் பயன் இதில்தான் அதிகம். நான்கு செல் வரிசையாகப் போகும் கருவியில் ஒன்று மட்டும் பலவீனமாக இருந்தால், அது முதலில் தீர்ந்து, மற்ற மூன்றும் அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்துவிடும். அதோடு அந்தச் செல் கெட்டது. அப்பாவின் மெஷின் நின்றதற்குக் காரணமும் ஒரே ஒரு செல்தான், மற்ற மூன்றும் நன்றாகவே இருந்தன. இப்போது ஒரே அளவு காட்டுவதை மட்டும்தான் ஒரு செட்டாகச் சேர்க்கிறேன்.

இதே சார்ஜரில் லித்தியம் செல்லும் போடலாம். ஆனால் ஒரேயடியாக வடிந்துபோன லித்தியத்தை எழுப்பும் வேலைக்கு நான் போவதில்லை. உள்ளே செம்பு கரைந்து ஷார்ட் ஆகி, தீப்பிடிக்கக்கூடிய பொருள் அது.

வீட்டில் டிவி ரிமோட்டும் கடிகாரமும் மட்டும்தான் என்றால் இந்தச் செலவே வேண்டாம், சாதாரண செல்லே ஒரு வருடம் ஓடும். எங்கள் கூடத்துக் கடிகாரத்தில் மட்டும் 9-ஆம் எண் இருக்கிறது. ஃபிளாஷுக்கு ஆகாது என்று ஒதுக்கிய 1000 செல்களில் ஒன்று அது. ஐந்து மாதத்துக்கு ஒருமுறை, கடிகாரம் பின்தங்கத் தொடங்கும்போது, அப்பாவே கழற்றி என் மேஜையில் வைத்துவிடுகிறார்.